பெண் காமெடியன்கள் எழுதிய சுயசரிதைகளைப் படித்தால் உண்மையிலேயே சிரிப்பு வருமா?

வரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் வராது.

நான் இருப்பது மன்னார்குடியில், வேலை தஞ்சாவூரில். வடுவூர் வழியாகப் போகிற பஸ்ஸில் போக வர தினமும் இரண்டரை மணி நேரம். இந்த வகைப் புத்தகங்களை எல்லாம் அந்த பஸ்ஸில்தான் படித்தேன். ஒரு நாள் கண்டக்டர், "என்னம்மா, எங்களுக்கும் சொல்லிட்டுச் சிரிக்கலாம்ல" என்று கேட்டுவிட்டார்.

முதலில் படித்தது டினா ஃபேயின் 'பாஸிபேண்ட்ஸ்' (2011). 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க டிவி காமெடி நிகழ்ச்சிக்குத் தலைமை எழுத்தாளராக இருந்த முதல் பெண் அவர். படித்து முடித்து ஆபீஸில் சுற்றுக்கு விட்டேன். ஒருவர், "இது சுயசரிதையே இல்லைங்க, துண்டு துண்டா என்னத்தையோ எழுதியிருக்காங்க" என்று நாற்பதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவருக்கு வேறு குறை: அமெரிக்க டிவி ஆட்களில் பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை, அப்புறம் எங்கே சிரிப்பது? இரண்டும் நியாயம்தான். இரண்டாவது குறை ஏமி போலரின் 'எஸ் ப்ளீஸ்' (2014) புத்தகத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆரம்பத்திலேயே புலம்பத் தொடங்கிவிடுகிறார். அந்தப் புத்தகம் எனக்குப் பாதியிலேயே போதும் என்று ஆகிவிட்டது.

ஃபேயின் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் யாரோ ஒருவன் அவர் முகத்தைக் கீறிவிட்டுப் போகிறான். தழும்பு இன்றும் இருக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் ஓர் அத்தியாயம் அழுதிருப்பார்கள். இவர், அதற்கப்புறம் எல்லாரும் தன்னை விழுந்து விழுந்து கவனித்ததால் தான் பெரிய ஆள் என்று நம்பிவிட்டதாகச் சொல்லிக் கடந்துபோகிறார்.

இதைப் படித்தபோது என் அத்தை ஞாபகம்தான் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவருக்கு 11 தென்னை போயிற்று. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது: "பத்து மரம் மரியாதையா வயலப் பாத்து விழுந்துருச்சு. ஒண்ணு மட்டும் புதுசாக் கட்டுன கக்கூஸ் மேல. வீட்டுல யாரும் இன்னும் உள்ள போகல, மரம் முதல்ல போயிட்டு வந்துருச்சு." வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நகையை அடகு வைத்துத்தான் கூரையைச் சரி செய்தார் என்பது எனக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. சாயங்காலம் முருங்கைக்கீரை ஆயும்போது அவருக்கு வேண்டியதை மட்டும் தமிழில் சொல்வேன். ஒத்திகை இல்லாமல் மேடையில் நடிக்க ஃபே சில விதிகள் சொல்கிறார்: எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். "இதுக்கு ஒரு புஸ்தகமாடி? அவளை நம்ம நடவு வயல்ல வந்து நிக்கச் சொல்லு" என்றார் அத்தை. உண்மைதான். ஒருத்தி, "உன் மாமியா கோயில்ல சாமி வந்து ஆடுனாங்களாமே" என்பாள். "ஆமா, ஆடயிலயும் இடுப்புச் சாவிய விடலயே" என்பாள் அடுத்தவள். "சாமியே பீரோவத் தொறந்து காட்டுன்னுதான் கேட்டுச்சாம்" என்று மூன்றாமவள் முடிப்பதற்குள் ஒரு முடி நாற்று தீர்ந்திருக்கும்.

அத்தைக்கு ரொம்பப் பிடித்தது மிண்டி கேலிங். 'இஸ் எவ்ரிஒன் ஹேங்கிங் அவுட் வித்அவுட் மீ?', அதாவது என்னை விட்டுவிட்டு எல்லாரும் கூடிக் கும்மாளம் போடுகிறார்களா என்ற புத்தகம், இதுவும் 2011தான். அப்பா தமிழர், கட்டடக் கலைஞர். அம்மா வங்காளி டாக்டர். இருவரும் சந்தித்தது நைஜீரியாவில். குடும்பப் பெயர் சொக்கலிங்கம். காமெடி மேடையில் அறிவிப்பாளர்களுக்கு அது வாயில் நுழையவில்லை என்று, மீனைத் தலையும் வாலும் நறுக்குவது மாதிரி நறுக்கி, நடுவில் மிஞ்சியதைக் 'கேலிங்' ஆக்கிக்கொண்டார். "சொக்கலிங்கம்னு சொல்ல வராதா? நம்ம தெருவுலயே மூணு பேரு இருக்கானே!" அத்தைக்கு ஆறவே இல்லை. 24 வயதில் 'தி ஆபீஸ்' என்ற அமெரிக்க டிவி காமெடித் தொடரின் எழுத்தாளர்கள் கூடி எழுதுகிற அறைக்குள் ஒரே பெண்ணாகப் போய் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க காப்பி யாரு போட்டா?"

டிஃபனி ஹாடிஷின் 'தி லாஸ்ட் பிளாக் யூனிகார்ன்' (2017) பஸ்ஸில் படிக்க ஏற்றதல்ல. வளர்ப்பு இல்லங்கள், அடிக்கிற கணவன் என்று போகும். சிரித்த வாயை மூடுவதற்குள் அடுத்த பக்கம் வயிற்றைக் கலக்கும். மனநல சிகிச்சைக்குப் போகிறாயா, காமெடி முகாமுக்குப் போகிறாயா என்று சமூகப் பணியாளர் கேட்டு அவர் மேடைக்கு வந்தது இதில்தான் இருக்கிறது.

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி. மனோரமா 1937இல் பிறந்தது எங்கள் மன்னார்குடியில். சின்ன வயதிலேயே அம்மாவோடு பள்ளத்தூர் போய், வீட்டு வேலை பார்த்து, நாடக மேடை ஏறி, ஆயிரம் படம் தாண்டியவர். அண்ணா, கருணாநிதியோடு மேடையில்; எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆரோடு திரையில். 2015இல் போய்விட்டார். அவர் பேட்டிகள் கிடைக்கின்றன, சரி. எனக்கு வேண்டியது அவரே உட்கார்ந்து எழுதிய தடிப் புத்தகம், வடுவூர் ஏரி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், கேலிங்கில் ஆரம்பியுங்கள். அப்புறம் ஃபே. ஆலி வாங் தன் மகள்களுக்குக் கடிதங்களாக எழுதிய 'டியர் கேர்ள்ஸ்' (2019) இவை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரிக்க வைத்தது. ஆனால் அதில் ஒரு பக்கத்தைக்கூட என்னால் அத்தைக்குத் தமிழில் சொல்ல முடியவில்லை. "என்னடி தனியாச் சிரிக்கிற?" என்று கேட்டபோது ஆபீஸ் மெசேஜ் என்று சமாளித்தேன்.