ஆய்வேடு முடிந்த பிறகு

அன்புள்ள ரீச்சருக்கு,

முன்பிள்ளைப்பருவக் கல்வியில் முதுமாணிப் படிப்பை முடித்துவிட்டேன். வைவாவும் (வாய்மொழிப் பரீட்சை) முடிந்தது, ஆய்வேட்டையும் கட்டிக் கொடுத்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இரண்டு விஷயம் மனதை அரிக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், நிலாவெளி, மூதூர்ப் பக்கம் நான்கு முன்பள்ளிகளை, முன்பள்ளியின் தரத்தை அளக்கும் எக்கர்ஸ் (ECERS) அளவுகோலின் 1998 பதிப்பால் அளந்துதான் ஆய்வு செய்தேன். பல உருப்படிகளில் (அளவுகோல் தனித்தனியாகப் பார்க்கும் விஷயங்களில்) 1, 2 என்றுதான் புள்ளி வந்தது. அந்த ரீச்சர்மார் முடிவைக் கேட்கிறார்கள். எந்த முகத்தோடு கொடுப்பது? மற்றது, என்னுடைய முன்பள்ளியிலேயே பெற்றோர் "இவ்வளவு படிச்சும் எங்கட பிள்ளைக்கு 'அ' எழுதத் தெரியேல்லையே" என்கிறார்கள். படித்ததில் எதை வகுப்புக்குள் கொண்டுவருவது? கலாநிதிப் படிப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு முன்பள்ளி ஆசிரியை, தம்பலகாமம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மனமார்ந்த வாழ்த்துகள். காலையில் பிள்ளைகளோடு நின்று, இரவில் ஆய்வேடு எழுதி முடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

முடிவைக் கட்டாயம் கொடுங்கள். அந்த ரீச்சர்மார் வகுப்பைத் திறந்துவிட்டிருக்காவிட்டால் உங்களுக்கு ஆய்வேடே இல்லை. ஆனால் புள்ளியை மட்டும் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அந்தப் புள்ளி எப்படி விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எக்கர்ஸ் 1980இல் அமெரிக்காவில் தெல்மா ஹாம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபர்டும் உருவாக்கிய அளவுகோல். நீங்கள் எடுத்த 1998 பதிப்பில் 7 பிரிவு, 43 உருப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. 1, 3, 5, 7 ஆகியவற்றின் கீழ் வகுப்பில் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அது கூட்டி வருகிற புள்ளி இல்லை, படியேறி வருகிற புள்ளி. 1இன் கீழ் எழுதியிருக்கும் குறைகளில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலே அந்த உருப்படிக்கு 1தான். 5இலும் 7இலும் சொல்லியிருக்கும் நல்லவை அந்த வகுப்பில் எத்தனை இருந்தாலும் எண்ணில் ஏறாது. 3 கிடைக்க 3இன் கீழுள்ளவை எல்லாமே இருக்க வேண்டும். பாதி இருந்தால் 2. இது தெரியாதவர் '1' என்பதைப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத முன்பள்ளி என்றுதான் விளங்கிக்கொள்வார்.

மணல்-தண்ணீர் விளையாட்டு உருப்படியை எடுங்கள். உள்ளேயோ வெளியேயோ அதற்கு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் 1. நிலாவெளியில் கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கும் முன்பள்ளிக்கும் அதே 1தான். மணல் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று அளவுகோல் கேட்கிறது. நியாயமான கேள்வி. அதைச் சரிசெய்யப் பெரிய காசும் தேவையில்லை: இரண்டு அகலமான பேசின், நான்கைந்து சிரட்டை, ஒரு புனல், அடியில் ஓட்டை போட்ட யோகட் கப். கடல் மணலை அப்படியே கொட்டாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து மணல் கட்டிபட்டுவிடும். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அரித்துப் போடுங்கள். இரவில் மூடிவைக்காவிட்டால் பூனை வந்து அசிங்கப்படுத்தும். ஒரு பேசினுக்கு 4 பிள்ளைக்கு மேல் விட்டால் தள்ளுப்பட்டு, மணல் கண்ணில் போய், அடுத்த நாளே ரீச்சர் பேசினைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். பல முன்பள்ளிகளில் இந்த விளையாட்டு நின்றுபோவது இந்த இடத்தில்தான். தண்ணீர்ப் பேசினில் ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாக ஊற்றி, பக்கத்தில் ஆள் நின்று, முடிந்தவுடன் கவிழ்த்துவிட வேண்டும். மாரி மழை தொடங்கியதும் எல்லாவற்றையும் விறாந்தைக்கு மாற்றலாம்.

கைகழுவலும் இப்படித்தான். குழாய் இல்லாத இடத்தில் ஒரே வாளிக்குள் எல்லாப் பிள்ளைகளும் கையை விட்டு அளைவதால் புள்ளி சரிகிறது. அடியில் குழாய் பூட்டிய 20 லீற்றர் வாளி ஒன்று போதும். பிள்ளைக்குக் கால் லீற்றர் என்று வைத்தால் 24 பிள்ளைக்கு 6 லீற்றர். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, கக்கூசுக்குப் போய் வந்து ஒரு தடவை என்றால் 12 லீற்றர். சவர்க்காரத்தை வெங்காய வலைப் பைக்குள் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், மண்ணில் விழாது.

இப்படி ஒவ்வொரு குறைந்த புள்ளியையும் பிரித்து, காசே தேவைப்படாதவை, சிறு செலவில் முடிபவை, கட்டிடம் மாறினால்தான் நடப்பவை என்று எழுதுங்கள். கூடிய புள்ளி கிடைத்தவற்றை முதல் பக்கத்தில் வையுங்கள். ரீச்சருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு பற்றிய உருப்படிகளில் நம்முடைய முன்பள்ளிகள் நன்றாக வந்திருந்தால், அதைச் சத்தமாகவே சொல்லுங்கள். மொத்தம் 4 பக்கம், நல்ல தமிழில், ஒவ்வொரு முன்பள்ளிக்கும் அதனதன் தாள் மட்டும்.

ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். 'முன்பள்ளி அ, ஆ, இ, ஈ' என்று பெயரை மறைத்திருப்பீர்கள். நான்கே முன்பள்ளி என்றால் பிரதேசத்தில் யாருக்கும் எது எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பல முன்பள்ளிகளைக் கிராமச் சங்கமோ, கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோதான் நடத்துகிறது. குறைந்த புள்ளி அவர்கள் கையில் போனால் பழி சின்னக் கொடுப்பனவுக்கு வேலை செய்கிற ரீச்சரின் தலையில் விழும். ஆகவே தனித்தாளை ரீச்சரிடம் மட்டும், ஒரு சனிக்கிழமை நேரில் இருந்து வாசித்துக் கொடுங்கள். கிழக்கு மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்துக்கு நான்கையும் சேர்த்த பொது முடிவைக் கொடுத்தால் போதும்.

'அ' பற்றிக் கேட்ட பெற்றோருக்குக் கோட்பாடு சொல்லப் போகாதீர்கள். தரம் 1இல் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுத்து, எழுதுவதற்கு முன் கை என்ன செய்ய வேண்டும் என்று காட்டுங்கள். மூன்றரை வயதுப் பிள்ளை தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் கோடு இழுக்கும். விரல் நுனி பின்னர்தான் தனியாக வேலை செய்யத் தொடங்கும். 'அ'வில் சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வருகின்றன. 'ட' இரண்டு கோடு, 'ப' மூன்று கோடு. தொடங்க வேண்டியது அங்கேதான்.

முதலில் சீமெந்துச் சுவரில், இரண்டு அங்குலப் பெயின்ற் தூரிகையால், வெறும் தண்ணீரில் எழுதவிடுங்கள். நிமிர்ந்த சுவரில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே சரியான பக்கம் மடியும். பிறகு மணல் தட்டில் விரலால். பிறகு சோக்கை 2 சென்றிமீற்றர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டை முட்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால் பிடித்தே ஆகவேண்டும். கோடு போடாத கடதாசி அதற்குப் பிறகு. புள்ளிக்கு மேல் எழுதுகிற கொப்பியைத்தான் பெற்றோர் அதிகம் விரும்புவார்கள். அதில் பிள்ளை புள்ளியைச் சேர்க்குமே தவிர, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது என்று படிக்காது. தாளைப் பார்த்தால் எழுத்து அழகாக இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கூடவே காதுக்கும் வேலை கொடுங்கள். வா-ழைப்-ப-ழம், நான்கு தட்டு. அம்-மா, இரண்டு. தமிழ் எழுத்து அசையை ஒட்டியே நடப்பதால், கைதட்டிப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு லேசாக வரும்.

படித்ததில் எதை வகுப்புக்குக் கொண்டுவருவது என்று கேட்டீர்கள். அவதானிப்பை. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். நாளுக்கு 2 பிள்ளை, ஆளுக்கு 3 நிமிடம், அரைத் தாள். 24 பிள்ளை என்றால் 12 பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். இடாப்பு வரிசைப்படி போங்கள். இல்லாவிட்டால் சத்தம் போடுகிற பிள்ளைகளே தாளில் நிறைவார்கள், அமைதியான பிள்ளை தவணை முடியும்வரை தாளில் வரமாட்டாள். "சோம்பல்", "குழப்படி" என்று எழுத வேண்டாம். "கட்டையை அடுக்கினான், நாலாவதில் விழுந்தது, பெரியதை அடியில் மாற்றி வைத்தான்" என்று எழுதுங்கள். பிள்ளை சொன்னதை அதன் பேச்சிலேயே குறியுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்ற வரியைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் எழுதலாம்.

இந்தத் தாள் எதைக் காட்டும் என்பதற்கு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை 1 முதல் 10 வரை பிழையில்லாமல் சொல்கிறாள். முன்னால் போத்தல் மூடிகளைப் போட்டு "அஞ்சு தாங்கோ" என்று கேட்டால் கைநிறைய அள்ளித் தருகிறாள். ஐந்து மூடியைத் தொட்டு எண்ணி முடித்ததும் "எத்தனை?" என்றால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜெல்மனும் காலிஸ்டலும் 1978இல் பிரித்துக் காட்டிய ஐந்து எண்ணல் விதிகளில் ஒன்று அது. நீங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். இவளுக்கு 20 வரை சொல்லிக் கொடுப்பதில் பயனில்லை. இரண்டு தா, மூன்று தா என்று விளையாட வேண்டும். புளியங்கொட்டை வேண்டாம், மூக்குக்குள் போய்விடும்.

தவணை முடிவில் பெற்றோர் கூட்டத்தில் இந்தத் தாள்களையும், தவணைத் தொடக்கத்தில் வரைந்த படத்தையும் கடைசியில் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'அ' பற்றிய கேள்விக்கு அங்கே பதில் இருக்கும்.

கலாநிதிப் படிப்பை இரண்டு மூன்று தவணை தள்ளிவையுங்கள். தாள்கள் சேர்ந்தால், எதை ஆராய வேண்டும் என்று அவற்றிலிருந்தே கேள்வி வரும். இப்போது விண்ணப்பித்தால் மேற்பார்வையாளரின் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்வீர்கள்.

கடைசியாக, ஆய்வுக்கு எடுத்த வீடியோக்கள். பெற்றோரிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் எவ்வளவு காலம் வைத்திருப்பதாக எழுதினீர்களோ, அந்தத் தேதியில் போனிலும், மடிக்கணினியிலும், கூகுள் டிரைவிலும், வட்ஸ்அப்பில் மேற்பார்வையாளருக்கு அனுப்பிய பிரதியிலும் அழித்துவிடுங்கள். பட்டமளிப்புப் படங்களோடு வகுப்பறைப் படங்களையும் முகநூலில் ஏற்ற வேண்டாம்.

அன்புடன்.