வாசகர் கேள்வி பதில்: ஜேசிபி ஓடின கரட்டுல விதையை யார் தூக்குறது?

கேள்வி: சார், சேர்வராயன் மலை அடிவாரத்துல எங்களுக்கு ஒரு மேட்டாங்காடு இருக்குங்க, ஒட்டினாப்ல கரடு. பாதி இடத்தை ஜேசிபி விட்டு சமப்படுத்தினோம். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஆமணக்கும் சிவப்புக் காட்டாமணக்கும் தாய்ச்செடிக்கு அடியிலயே கும்பலா முளைக்குது, கை வைக்காத பக்கம் அங்கொண்ணு இங்கொண்ணா வருது. எறும்பு போயிடுச்சு அதான்னு எங்கப்பா சொல்றாரு. நிஜமாவா?
(வாசகர், ஏற்காடு அடிவாரம்)

பதில்: அப்பா சொல்றதுல விஷயம் இருக்குங்க. ஆமணக்கு விதை நுனியில வெளுப்பா ஒரு சின்னச் சதை ஒட்டியிருக்கும் பாருங்க, கொழுப்புச் சத்து உள்ளது, எறும்புக்கு செடி குடுக்குற கூலின்னே வச்சுக்கலாம். காய் வெடிச்சு விதை கீழ விழுந்ததும் எறும்பு அதைப் புத்துக்கு இழுத்துட்டுப் போய், சதையை மட்டும் குஞ்சுகளுக்கு ஊட்டிட்டு விதையை சேதம் பண்ணாம குப்பையில தள்ளிடும், அது அங்க முளைக்கும். எலி கண்ணுல படாம தப்பிக்கும், தாய்ச்செடியோட நிழல்ல போட்டி போடவும் வேண்டியதில்ல. உலகத்துல கிட்டத்தட்ட 11,000 செடி வகை இப்படி எறும்பை நம்பித்தான் இருக்கு.

ஆனா எறும்பு குறைஞ்சுதா கூடுச்சான்னு மட்டும் பாத்தா போதாது, எந்த எறும்புன்னு பாக்கணும். கட்டெறும்பு மாதிரி பெருசுங்க விதையை முழுசா தூக்கிட்டுப் போகும். பொடி எறும்புங்க கும்பலா மொய்ச்சு விழுந்த இடத்துலயே சதையைக் கொறிச்சுட்டு விதையை அப்படியே போட்டுட்டுப் போயிடும், செடிக்கு சதையும் நஷ்டம், விதையும் நகரல. மண்ணைப் புரட்டினா புத்து உடையும், நிழல் போகும், அந்த மாதிரி வெறும் தரையில முதல்ல வந்து குடியேறுறது பெரும்பாலும் இந்தப் பொடிசுங்கதான். பிரேசில்ல காட்டிங்கான்னு ஒரு வறண்ட முள்காடு, அங்க ஆடு மேய்ச்சலும் விறகு வெட்டும் அதிகமான இடங்கள்ல விதையைத் தூரமா கொண்டு போற டைனோபொனேரான்ற பெரிய எறும்பு குறைஞ்சு, விதை போற தூரமும் குறைஞ்சதா 2014-ல ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க. உங்க நிலத்துலயும் அதுதான் நடந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

கேள்வி: அப்ப கரட்டுக்கு வருஷா வருஷம் தீ வைக்கிறாங்களே, அதுலயும் எறும்பு அழிஞ்சு போகும்தானே?
(வாசகி, ஓமலூர்)

பதில்: அப்படி இல்லங்க. வட ஆஸ்திரேலியா சவானா, அதாவது புல்தரையும் நடுநடுவே மரமுமா இருக்குற காடு, அங்க தீக்கப்புறம் எறும்பு விதையை வேகமாவும் தூரமாவும் தூக்கிட்டுப் போகுதுன்னு 2007-ல வந்த ஆய்வு சொல்லுது. புத்து மண்ணுக்கடியில தப்பிச்சுடுது, மேல புல்லும் சருகும் எரிஞ்சு போனதால எறும்புக்கு நடக்க வழி கிடைக்குது. தீயும் ஜேசிபியும் ஒண்ணு இல்லைங்கறது இதுலயே தெரியுது, ஒண்ணு மேலோட போகுது, இன்னொண்ணு குடியிருப்பையே பேத்து எடுத்துடுது. அதுக்காக யாரும் தீ வச்சுடாதீங்க, ரிசர்வ் காட்டுல அது குற்றம், உன்னிச்செடி அடைஞ்ச சரிவுல புடிச்சா கட்டுக்கடங்காது.

கேள்வி: புரட்டின இடத்தைத் திரும்ப நல்லாக்க என்ன செய்யலாம்? எறும்புப் பொடி தூவுறதை நிறுத்தணுமா?
(அதே வாசகர்)

பதில்: உடனே நிறுத்துங்க, அது கட்டெறும்பையும் சேர்த்துத்தான் கொல்லுது. மீதி இருக்குற கரட்டைத் தொடாதீங்க, அங்கிருந்துதான் எறும்பு திரும்ப வரணும். ரெவின்யூ கணக்குல அதை தரிசுன்னு எழுதியிருப்பாங்க, இந்தியத் தரிசு நில வரைபடத்துலயே புதர்க்காட்டை அந்தக் கணக்குல சேத்திருக்காங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். நம்ம சேலத்து மேக்னசைட், அதாவது வெள்ளைக்கல் சுரங்க மேடுகளையும் பாருங்க, மேல்மண்ணே இல்லாத கல் குவியல்ல கன்னு நட்டா மட்டும் காடு வந்துடாது, மேல்மண்ணைத் தனியா எடுத்து வச்சு திரும்பப் போட்டாத்தான் புத்துக்கு இடம் கிடைக்கும். புரட்டின பக்கம் நாலஞ்சு இடத்துல கல்லும் விறகுத் துண்டும் போட்டு விடுங்க, மறுபடி உழாதீங்க.

ஒண்ணு கவனிங்க, எறும்பு நல்ல செடி கெட்ட செடின்னு பாக்காது. நீங்க சொன்ன சிவப்புக் காட்டாமணக்கு வட ஆஸ்திரேலியா சவானால பெரிய களை, அதைப் பரப்புறதுல அங்க எறும்புக்கும் பங்கு இருக்கு. அதனால அதை மட்டும் காய் வெடிக்கிறதுக்கு முன்னாடியே புடுங்கிடுங்க.

ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வேலியோரம் தானா வர்ற ஆமணக்கோட சின்ன விதையா பொறுக்குங்க, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலைய ரகம் மாதிரி பயிர் ரகங்கள்ல விதை பெருசு, எறும்பால நகத்த முடியாம போகலாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அட்டைத்துண்டு மேல 10 விதை வைங்க. எந்த எறும்பு வருது, தூக்குதா, அங்கயே கொறிக்குதா, எவ்வளவு தூரம் போகுதுன்னு டேப் புடிச்சு அளந்து எழுதி வைங்க. ரெண்டு மீட்டர் போச்சுன்னாலே நல்ல தூரம்தான், ஆஸ்திரேலியால ஒரு எறும்பு 180 மீட்டர் வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கு.