ஓடுதளத்துக்குள் கால்பந்துத் திடல் அடங்குமா, அதுவும் கடலோரத்தில்?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால், ஓடுதளமும் கால்பந்துத் திடலும் ஒன்றாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான். 400 மீட்டர் ஓடுதளத்தின் வளைவு ஆரம் 36.5 மீட்டர், உள்ளே அகலம் 73. சர்வதேசத் திடலுக்கு 105-க்கு 68 வேண்டும். அகலத்தில் தொல்லையில்லை. ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர்தான் என்பதால் திடலின் இரு முனைகளும் வளைவுக்குள் புகுந்துவிடும். கணக்குப் போட்டால் கார்னர் கொடிக்கும் ஓடுதள விளிம்புக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே மீட்டர். கார்னர் அடிப்பவர் சிந்தெடிக் தளத்திலிருந்துதான் ஓடிவர வேண்டும். பூட்ஸின் அடியில் உள்ள ஸ்டட் முனைகள் தளத்தைக் கெடுக்கும். அந்த மூலைகளில் செயற்கைப் புல் விரித்துச் சமாளிப்பார்கள்.

திடலைத் தென்வடலாகப் போடுங்கள், மாலை வெயில் கோல்கீப்பர் கண்ணில் நேராக விழாது. ஆடிக் காற்று வேறு கதை: பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் சாதனை செல்லாது.

எனக்குக் கேலரியைவிடத் தண்ணீர்தான் கவலை. உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும் பாஸ்பாலம் புல்லைக் கேளுங்கள். கூரை இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கட்டாயம்; முதலில் துருப்பிடிப்பது போல்ட்டுதான்.