ஹெல்த்தியாதான் சாப்பிடறேன், பத்தரைக்கே ஏன் பசிக்குது?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "வயசு 41, உட்கார்ந்தே பாக்கற வேலை. காலையில 8 மணிக்கு ஒரு பெரிய கிண்ணம் கார்ன் ஃப்ளேக்ஸ், பால், சர்க்கரைக்குப் பதிலா ஒரு டேபிள்ஸ்பூன் தேன், கூடவே ஒரு கிளாஸ் ஆப்பிள் ஜூஸ். எல்லாமே ஹெல்த்தினு நெனச்சுத்தான் சாப்பிடறேன், ஆனா பத்தரைக்கெல்லாம் அப்படி ஒரு பசி, கண்ணைக் கட்டுது. போன மாசம் டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி 5.9 வந்திருக்கு. காலையில கார்போஹைட்ரேட்டையே தொடாதேன்னு என் தோழி சொல்றா. நிறுத்திடட்டுமா? இல்லேன்னா ஓட்ஸ், பிரவுன் பிரெட், மியூஸ்லி, பழம், இதுல எதை எடுத்துக்கறது?"

நிறுத்த வேண்டாம்ங்க, மாத்தினா போதும். ஹெச்பிஏ1சிங்கறது போன ரெண்டு மூணு மாசத்து சராசரி ரத்த சர்க்கரையைக் காட்டற டெஸ்ட், அது 5.7-ல இருந்து 6.4 சதவீதம் வரைக்கும் இருந்தா ப்ரீடயாபடீஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை, நீங்க அதோட ஆரம்பத்துல இருக்கீங்க, சாப்பாட்டை மாத்தினாலே நல்லா இறங்க வாய்ப்பிருக்கற இடம் இது. உங்க தோழி நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா பருப்புல இருக்கறதும் கார்போஹைட்ரேட்தான், ஆப்பிள்ல இருக்கறதும் அதுதான், ஜூஸ்ல இருக்கறதும் அதுதான், மூணையும் ஒரே தராசுல போட்டு ஒதுக்கினா நார்ச்சத்தையும் சேர்த்து ஒதுக்கின மாதிரி ஆயிடும்.

முதல்ல உங்க கிண்ணத்தையே கணக்குப் பாத்துடலாம். பெரிய கிண்ணம்னா கார்ன் ஃப்ளேக்ஸ் சுமார் 50 கிராம் வரும், அதுல 42 கிராம் கார்போஹைட்ரேட். 200 மில்லி பால்ல 10. ஒரு டேபிள்ஸ்பூன் தேன்ல 17 கிராம் சர்க்கரை, அதாவது டீஸ்பூன் கணக்குல நாலு ஸ்பூன் சர்க்கரை, "சர்க்கரைக்குப் பதிலா"ன்னு நீங்க எழுதினீங்களே, பதிலா இல்லீங்க, அதுவே சர்க்கரைதான், கொஞ்சம் வாசனையோட. 250 மில்லி ஜூஸ்ல இன்னொரு 25 கிராம். ஆக மொத்தம் 94 கிராம் கார்போஹைட்ரேட், நார்ச்சத்து எவ்வளவுன்னு பாத்தா வெறும் 2 கிராம். உலக சுகாதார நிறுவனம் தேன், ஜூஸ் எல்லாத்தையும் சர்க்கரைக் கணக்குலதான் சேர்க்குது, 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள இருக்கணும், முடிஞ்சா 25-க்குள்ள வைங்கன்னு 2015-லயே சொல்லிட்டாங்க. நீங்க தேன், ஜூஸ் ரெண்டுலயே காலையில 42-ஐத் தொட்டுட்டீங்க.

இப்ப ஏன் பத்தரைக்கு பசிக்குது? கார்ன் ஃப்ளேக்ஸ் செய்யும்போது சோளத்தோட உமி, முளை எல்லாத்தையும் எடுத்துட்டு, வேக வச்சு, தட்டையா நசுக்கி, வறுத்து தர்றாங்க. ஜீரணம் செய்ய வேண்டிய வேலையில பாதியை ஃபேக்டரியே முடிச்சிடுது. அதனால மாவுச்சத்து சட்டுனு குளுக்கோஸா மாறி ரத்தத்துல ஏறுது, அதுக்கு ஏத்த மாதிரி இன்சுலின் நிறைய வருது, ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல ரத்த சர்க்கரை சரிஞ்சு கீழ வருது, வயித்துலயும் ஒண்ணும் தங்கல. ஒரு உணவு எவ்வளவு வேகமா சர்க்கரையை ஏத்துதுன்னு அளக்கற கிளைசெமிக் இண்டெக்ஸ், டொரண்டோ பல்கலைக்கழகத்துல டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-ல கொண்டு வந்தது. குளுக்கோஸுக்கு 100, 55-ம் அதுக்குக் கீழயும் குறைவு, 70-ம் அதுக்கு மேலயும் அதிகம். கார்ன் ஃப்ளேக்ஸ் 80 பக்கம் நிக்குது.

ஆனா இந்த நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க, தர்பூசணிக்குக் கூட 70-க்கு மேல வரும், ஆனா அதுல பெரும்பாலும் தண்ணி, ஒரு துண்டுல இருக்கற கார்போஹைட்ரேட் கொஞ்சம்தான். நம்பரை விட எனக்கு முக்கியம் ஒரே கேள்வி: இது தட்டுக்கு வரும்போது எவ்வளவு முழுசா இருக்கு, எவ்வளவு உடைச்சு வந்திருக்கு? இதை ஒரு தடவை பழகிட்டீங்கன்னா எந்தக் கடையில எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் நீங்களே முடிவு பண்ணிடலாம்.

ஓட்ஸையே எடுத்துக்கங்க. என்கிட்ட வர்றவங்களுக்கு நான் மேஜை மேலயே செஞ்சு காட்டறது உண்டு. ரெண்டு கப், ஒண்ணுல முன்னாடியே வேக வச்சு மெல்லிசா நசுக்கின இன்ஸ்டன்ட் ஓட்ஸ், இன்னொண்ணுல முழு தானியத்தைத் தடிமனா நசுக்கின ரோல்டு ஓட்ஸ், ரெண்டுலயும் ஒரே அளவு சுடுதண்ணி. ஒரு நிமிஷத்துல இன்ஸ்டன்ட் கப்புல ஸ்பூனை விட்டா கூழா ஒட்டிக்கிட்டு வரும், பக்கத்து கப்புல அவல் மாதிரி தனித்தனியா மிதந்துக்கிட்டு இருக்கும், பல்லுல கடிச்சா தெரியும். ரெண்டுலயும் நார்ச்சத்து கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா கிளைசெமிக் இண்டெக்ஸ் ரோல்டுல 55 பக்கம், இன்ஸ்டன்ட்ல 79 வரைக்கும் போகுது. கப்புல நடக்கறதுதான் வயித்துலயும் நடக்குது, அவ்வளவுதான் விஷயம். தானியத்தை நசுக்காம துண்டு துண்டா வெட்டின ஸ்டீல் கட் ஓட்ஸ் கிடைச்சா இன்னும் நல்லது, வேக நேரம் ஆகும்னுதான் நிறைய பேர் விட்டுடறாங்க, ராத்திரி ஊற வச்சா சீக்கிரம் வெந்துடும். ஃபிளேவர் போட்ட சின்ன சாஷே ஓட்ஸ் வேண்டவே வேண்டாம், அது இன்ஸ்டன்ட், கூட சர்க்கரை வேற.

ஓட்ஸுக்கு இன்னொரு நல்ல குணமும் இருக்கு, பீட்டா குளூக்கன்னு ஒரு கரையற நார்ச்சத்து, ஊறினதும் கொழகொழன்னு ஆகுதே அதுதான். ஒரு நாளைக்கு 3 கிராம் போனா கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறையும், இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம்னு பாக்கெட்ல போட 1997-லயே அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துடுச்சு.

பிரவுன் பிரெட் பத்தி கேட்டீங்க. நிறத்தைப் பாத்து ஏமாறாதீங்க, கேரமல் கலர் போட்டாலும் பிரவுன்தான். பாக்கெட்டைத் திருப்பி பொருள் பட்டியலைப் பாருங்க, எது எடையில அதிகமோ அதுதான் முதல்ல இருக்கும். முதல் பேரே மைதா, இல்ல "சுத்திகரிச்ச கோதுமை மாவு"ன்னு இருந்தா மல்டிகிரெய்ன்னு முன்னாடி கொட்டை எழுத்துல போட்டிருந்தாலும் அது வெள்ளை பிரெட்டுதான், மேல நாலு விதை தூவினது. முழு கோதுமை முதல்ல இருக்கணும். அடுத்து சத்து அட்டவணையில மொத்த கார்போஹைட்ரேட்டை நார்ச்சத்தால வகுங்க, 10-க்குள்ள வந்தா எடுத்துக்கலாம், 25, 30னு வந்தா வச்சுட்டு வந்துடுங்க. இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கும்: நைஸா அரைச்ச முழு கோதுமை பிரெட்டோட கிளைசெமிக் இண்டெக்ஸும் வெள்ளை பிரெட்டோடதும் 75 பக்கத்துல கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. உமி உள்ள இருக்கு, அதனால நார்ச்சத்தும் விட்டமினும் கூடுதல், அதுக்காக வாங்கலாம், ஆனா மாவா அரைச்சாச்சுன்னா சர்க்கரை ஏற்றத்துல பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க. கடிச்சா முழு தானியம் தட்டுப்படற பிரெட் கிடைச்சா அதை எடுங்க.

மியூஸ்லி, அதாவது ஓட்ஸ், உலர் பழம், நட்ஸ் கலந்தது, சுருக்கமா சொல்லிடறேன், சர்க்கரை சேர்க்காததுன்னா ஓகே. 100 கிராமுல சர்க்கரை 22.5-ஐத் தாண்டினா அது ஸ்வீட்டுதான். டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப்னு வேற வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும்.

பழம் தாராளமா சாப்பிடுங்க, ஆனா கடிச்சு சாப்பிடுங்க. 1977-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆப்பிளை முழுசா, மசிச்சு, ஜூஸா மூணு விதமா குடுத்து பாத்தாங்க. முழு ஆப்பிளை விட 11 மடங்கு வேகமா ஜூஸ் உள்ள போயிடுச்சு, வயிறு நிறைஞ்ச உணர்வும் கம்மி, அதோட குடிச்ச பிறகு ரத்த சர்க்கரை சரிஞ்சு கீழ போறதும் ஜூஸுலதான் அதிகமா இருந்துச்சு. உங்க பத்தரை மணிக் கதை இதுல பாதி இருக்கு. தோலோட ஒரு ஆப்பிள்ல 4 கிராம் நார்ச்சத்து, வடிகட்டின ஜூஸ்ல கிட்டத்தட்ட பூஜ்யம். வாழைப்பழமும் வேண்டாம்னு இல்ல, ரொம்பக் கனிஞ்சு கறுத்தது வேண்டாம், காய் பதத்துல மாவுச்சத்தா இருக்கறதுதான் கனியக் கனிய சர்க்கரையா மாறுது.

நீங்க கேக்காத ஒண்ணை நானே சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது பருப்பு, பயறு, கடலை வகைதான். காலையில பருப்பு வகை சாப்பிட்டவங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை கம்மியாத்தான் ஏறுதுன்னு அதே ஜென்கின்ஸ் குழு 1982-ல காட்டினாங்க, காலையில சாப்பிட்டதோட பலன் மதியம் வரைக்கும் வருது. வாரத்துல ரெண்டு நாள் ஓட்ஸுக்கு லீவு விட்டு வேகவச்ச பயறு ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பாருங்க.

சரி, நாளைக்குக் காலையில என்ன பண்ணலாம்? ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், அதே 200 மில்லி பால், ஒரு ஆப்பிள் தோலோட நறுக்கி, ஒரு சின்னக் கைப்பிடி பாதாம் இல்ல வால்நட். தேன் கிடையாது, ஆப்பிளோட இனிப்பு போதும், மொத வாரம் சப்புன்னு இருக்கும், அப்புறம் நாக்கு பழகிடும். இதுல கார்போஹைட்ரேட் 65 கிராம், நார்ச்சத்து 10 கிராம், புரதம் 15 கிராம் பக்கம் வரும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேணும்னு சொல்றாங்க, அதுல பாதிக்கு கொஞ்சம் கீழ காலையிலயே முடிஞ்சிடுது. முட்டை சாப்பிடுவீங்கன்னா ஒண்ணு வேகவச்சு முதல்ல அதைச் சாப்பிட்டுட்டு அப்புறம் ஓட்ஸுக்கு வாங்க, புரதம் முன்னாடி போனா சர்க்கரை ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும்.

ரெண்டு கிராமுல இருந்து ஒரே நாள்ல பத்துக்குத் தாவினா வயிறு உப்பும், காத்துப் பிரியும், அப்புறம் "ஓட்ஸ் எனக்கு ஒத்துக்கல"ன்னு எழுதுவீங்க. மொத வாரம் பாதி அளவு, தண்ணி கொஞ்சம் கூட்டிக்கங்க. இதைப் படிக்கிற மத்தவங்க இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கறவங்களா இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம கார்போஹைட்ரேட்டைத் திடீர்னு குறைக்காதீங்க, சர்க்கரை தாழ்ந்துடும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு முழு தானியம், பருப்போட கணக்கே வேற, இந்த அளவெல்லாம் அவங்களுக்கு இல்ல.

ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டு, தினமும் எத்தனை மணிக்குப் பசிச்சுதுன்னு ஃபோன்ல குறிச்சு வைங்க. அப்பவும் பத்தரைக்கே பசிச்சா ஓட்ஸைக் கூட்டாதீங்க, முட்டையோ தயிரோ சேருங்க. ஹெச்பிஏ1சி-யை அடுத்த மாசமே ஓடிப்போய் பாக்க வேண்டாம், சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள், மூணு மாசம் கழிச்சுப் பாத்தாத்தான் மாத்தினது அதுல தெரியும்.