‘மரியன்’ என்றால் மாதாவை தெய்வமாக்குவதா?

கேள்வி: போப் இரண்டாம் ஜான் பால் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் அவரை ‘மரியன் போப்’ என்று எழுதியிருந்தார்கள். கிறிஸ்துவை விட மாதாவையே பெரிய தெய்வமாக வைத்தவர் என்றுதானே இதற்குப் பொருள்? பைபிளில் இதற்கு இடம் ஏது? இங்கிலாந்து வரலாற்றில் ‘மரியன் தியாகிகள்’ என்ற பெயரையும் படித்தேன். மாதா பக்திக்காக உயிர்விட்ட கத்தோலிக்கர்கள் என்று புரிந்துகொண்டேன். சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டுமே தவறு. இரண்டாவதைத் திருத்துவது சுலபம், அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலாவது பலரிடம் ஊறிப்போன தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘மரியன்’ என்றால் இயேசுவின் தாய் மரியாவைச் சார்ந்தது, அவ்வளவுதான். லூர்து, பாத்திமா, வேளாங்கண்ணி மூன்றும் மரியன் திருத்தலங்கள். அவரைப் பற்றிய இறையியலுக்கும், செபமாலை போன்ற பக்தி முயற்சிகளுக்கும், 1954-இலும் 1987-88-இலும் போப்புகள் அறிவித்த சிறப்பு ஆண்டுகளுக்கும் இதே அடைமொழிதான். ஒரு மனிதரை அப்படிச் சொன்னால் அவருடைய ஜெபத்திலும் சிந்தனையிலும் மரியாவுக்குப் பெரிய இடம் உண்டு என்று பொருள். அந்த இடம் கடவுளின் இடம் என்று அந்தச் சொல் எங்கேயும் சொல்லவில்லை. வைணவர் என்றால் திருமாலே முழுமுதல் தெய்வம் என்று கொள்பவர். அந்தப் பழக்கத்திலேயே நீங்கள் ‘மரியன்’ என்பதையும் படித்துவிட்டீர்கள். இது ஒரு சமயப் பிரிவின் பெயரே அல்ல.

கடவுளுக்குச் செய்வது வேறு, புனிதர்களுக்குச் செய்வது வேறு என்று கத்தோலிக்கத் திருச்சபை கோடு கிழித்தது நேற்று இன்றல்ல. 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கத்தையும் கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையையும் தெளிவாகப் பிரித்தது. பின்னால் வந்த இறையியலாளர்கள் மரியாவுக்கு உரியது மற்றப் புனிதர்களுக்கு உரியதைவிட உயர்ந்த வணக்கம் என்றார்கள். உயர்ந்தது என்றாலும் அது வணக்கம்தான், ஆராதனை அல்ல. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பேச்சிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. நற்கருணைக்கு, அதாவது கிறிஸ்துவின் உடலாக அவர்கள் நம்பும் அப்பத்துக்கு, ஆராதனை; மாதாவுக்கு வணக்கம். சந்தேகம் இருந்தால் மாதா பிரார்த்தனையைக் கவனித்துக் கேளுங்கள். தொடக்கத்தில் கடவுளிடம் ‘எங்கள் மேல் இரக்கமாயிரும்’ என்கிறார்கள். மரியாவை அழைக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதுதான். அவரிடம் வரம் தரச் சொல்லவில்லை, நமக்காகக் கடவுளிடம் கேட்கச் சொல்கிறார்கள்.

இப்போது இரண்டாம் ஜான் பாலுக்கு வருவோம். நீங்கள் கேட்ட கேள்வியை அவரே தன்னிடம் கேட்டிருக்கிறார். மாதா பக்தி அதிகமானால் கிறிஸ்துவுக்கு உரிய முதலிடம் குறைந்துவிடுமோ என்று இளமையில் ஒரு கட்டத்தில் தயங்கியதாகத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். போலந்து ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம் அது. கிராகூவில் சோல்வே ரசாயன ஆலையில் தொழிலாளியாக இருந்துகொண்டே, லூயி தெ மோன்போர் என்ற பிரெஞ்சு குருவின் நூலைப் படிக்கிறார். மரியாவிடம் போகிற பக்தி அங்கே நின்றுவிடுவதில்லை, கிறிஸ்துவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது அவருக்கு அதில் கிடைத்த விடை. ‘முழுவதும் உம்முடையவன்’ என்ற அவருடைய விருதுவாக்கு மோன்போரிடமிருந்து வந்தது. அவருடைய சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கேடயத்தில் பெரிய சிலுவை. அதன் ஒரு பக்கத்தில், கீழே, மரியாவைக் குறிக்கும் ‘எம்’ எழுத்து. சிலுவையடியில் நின்ற தாய். ‘மரியன் போப்’ என்பதற்கு அந்தப் படமே விளக்கம்.

1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதா முதன்முதலாகக் காட்சி தந்ததாகச் சொல்லப்படும் நாளும் மே 13 (1917). உயிர் பிழைத்தது மரியாவின் பரிந்துரையால் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்தத் துப்பாக்கிக் குண்டு இன்று பாத்திமா மாதாவின் கிரீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய நம்பிக்கையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் நம்பாத ஒன்றை அவர் நம்பியதாக எழுதக்கூடாது.

பைபிளில் இடம் ஏது என்கிறீர்கள். ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்ற ஜெபத்தின் முதல் பாதி அப்படியே லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம். வானதூதரின் வாழ்த்தும் எலிசபெத்தின் வாழ்த்தும் அதில் இருக்கின்றன. மறு பாதி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற மன்றாட்டு. புராட்டஸ்டண்டுகளின் மறுப்பு இந்த இரண்டாம் பாதியில்தான் தொடங்குகிறது. 1854-இல் ஒன்பதாம் பயஸ் அறிவித்த அமல உற்பவமும், 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்த விண்ணேற்பும் (மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற போதனை) வேதத்தில் நேரடியாக எழுதப்படவில்லை என்று அவர்கள் சொல்வது நேர்மையான வாதம். கத்தோலிக்கர் மரபை வைத்துப் பதில் சொல்கிறார்கள். இந்த விவாதம் நடக்கட்டும், நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் ‘மாதாவைத் தெய்வமாக்கிவிட்டார்கள்’ என்பது விவாதமல்ல, அவதூறு. (அமல உற்பவம் என்பதை இயேசு கன்னியிடம் பிறந்ததோடு குழப்புகிறவர்கள் ஏராளம். மரியா தன் தாயின் கருவில் உருவான கணத்திலிருந்தே பிறப்புநிலைப் பாவம் இல்லாமல் காக்கப்பட்டார் என்பதுதான் அந்தப் போதனை. அது மரியாவின் தொடக்கத்தைப் பற்றியது.)

திருச்சபைக்குள்ளேயே ‘எவ்வளவு மரியன்?’ என்ற இழுபறி உண்டு. 1962 முதல் 1965 வரை உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அது வெளிப்படையாகவே வெடித்தது. மரியாவைப் பற்றித் தனி ஏடு வேண்டும் என்று ஒரு சாரார். திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே ஓர் அதிகாரமாகச் சேர்க்க வேண்டும் என்று மறு சாரார். முதல் தரப்புக்காக மணிலாவின் கர்தினால் சாந்தோஸ் பேசினார், இரண்டாவதற்காக வியன்னாவின் கர்தினால் கோனிக். 1963 அக்டோபர் 29 அன்று வாக்கெடுப்பு. சேர்க்கலாம் என்று 1114 பேர், வேண்டாம் என்று 1074 பேர். வெறும் 40 வாக்கு வித்தியாசம்! உலகம் முழுவதிலிருந்தும் வந்த ஆயர்கள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். தோற்ற தரப்பு மாதா பக்தர், ஜெயித்த தரப்பு பக்தியில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு தரப்பும் செபமாலை சொல்கிறவர்கள்தான். மரியாவை திருச்சபைக்கு மேலே தனியாக நிறுத்துவதா, விசுவாசிகளோடு சேர்த்து நிறுத்துவதா என்பதுதான் சண்டை. அடுத்த ஆண்டு வெளிவந்த ஏட்டின் எட்டாம் அதிகாரம், பொய்யான மிகைப்படுத்தலும் வேண்டாம், குறுகிய மனமும் வேண்டாம் என்று போதகர்களை எச்சரித்தது.

அந்த எச்சரிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மரியாவுக்கு ‘இணை மீட்பர்’ என்ற பட்டத்தை அதிகாரபூர்வமாக அறிவிக்கச் சொல்லி பல ஆண்டுகளாக ஒரு சாரார் வத்திக்கானுக்கு மனுப்போட்டு வந்தார்கள். பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கர், கர்தினாலாக இருந்தபோதே அதற்கு இசையவில்லை. போப் பிரான்சிஸும் மறுத்தார். இத்தனைக்கும் அவர் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் ரோமின் புனித மேரி பேராலயத்தில் மாதா படத்தின் முன் ஜெபித்தவர். 2025-இல் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். அதே ஆண்டு நவம்பரில், போப் பதினான்காம் லியோவின் ஒப்புதலோடு, அந்தப் பட்டம் பொருத்தமற்றது என்று வத்திக்கான் ஏடு வெளியிட்டது. மீட்பர் ஒருவரே, அவர் கிறிஸ்து என்பதுதான் காரணம். மாதாவைத் தெய்வமாக வைக்கிற சபை இப்படி ஓர் ஏட்டை ஏன் வெளியிடப் போகிறது?

வேளாங்கண்ணியில் பார்த்ததைச் சொல்லி சிலர் என்னிடம் மறுக்கக்கூடும். அங்கே வருகிறவர்களில் இந்துக்கள் நிறைய. ஆரோக்கிய மாதாவை அவர்கள் அம்மனாகவே கும்பிடலாம். அது அவர்கள் மனம், அவர்கள் உரிமை. கோட்டைத் தாண்டிப் போகிற கத்தோலிக்கர்களும் இருக்கலாம். ஆனால் ஒரு மதத்தின் போதனையைத் தெரிந்துகொள்ள அதன் ஏடுகளையும் ஜெபங்களையும் படிக்க வேண்டும், திருவிழாக் கூட்டத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக்கூடாது.

சரி, ‘மரியன் தியாகிகள்’. இங்கே மரியா என்பது இயேசுவின் தாயே அல்ல. எட்டாம் ஹென்றியின் மகள், 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் மேரி. நாட்டை மறுபடி கத்தோலிக்கமாக்க முனைந்த அவருடைய ஆட்சியில் சுமார் 280 புராட்டஸ்டண்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஆயர்கள் லாட்டிமரும் ரிட்லியும் 1555 அக்டோபர் 16 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரே கம்பத்தில் எரிக்கப்பட்டனர். பேராயர் கிரான்மர் அடுத்த மார்ச்சில். புனிதர்களிடம் வேண்டுவதையே மறுத்தவர்கள் இவர்கள். அவர்களை மாதா பக்திக்காக உயிர்விட்டவர்கள் என்று சொல்வது, இறந்தவர்களின் நம்பிக்கையையே அவர்களிடமிருந்து பறிப்பதாகும். தமிழில் எழுதும்போது ‘மேரி அரசி காலத்துப் புராட்டஸ்டண்ட் தியாகிகள்’ என்றே முழுசாக எழுதுங்கள். பண்டைய ரோம் வரலாற்றில் ‘மரியன் சீர்திருத்தம்’ என்று வந்தால் அது மாரியஸ் என்ற தளபதியின் பெயரால் வந்தது. அவர் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்.