திறந்தாச்சு, இனி என்ன? கேம் கன்சோல் கேள்வி-பதில்

செல்லூர் வாசகர்: எங்கள் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) ரொம்பச் சூடாகிறதென்று தம்பி பிரித்துவிட்டான். கம்ப்யூட்டருக்குப் போடுகிற தெர்மல் பேஸ்டையே போடலாம் என்று, சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைத் தூக்கினால், பாதரசம் மாதிரி ஏதோ வழிந்தது. பஞ்சால் துடைத்து, பேஸ்ட் போட்டு மூடினோம். இப்போது ஒரு நொடி நீல விளக்கு எரிந்து அணைந்துவிடுகிறது.

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். "இன்னொரு தரம் போட்டுப் பார்ப்போமே" என்று பட்டனை அமுக்கவே வேண்டாம். பிழைக்கக்கூடிய போர்டுகள் செத்துப்போவது பெரும்பாலும் அந்த இன்னொரு தரத்தில்தான்.

வழிந்தது பாதரசம் இல்லை, கேலியம் கலந்த திரவ உலோகம். 2020-ல் பிஎஸ் 5 வெளிவந்தபோதே சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சோனி இதைத்தான் வைத்தது. சூட்டைப் பேஸ்டைவிட நன்றாகக் கடத்தும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதுதான் வம்பு. வெளியே ஓடிவிடாமல் இருக்கச் சிப்பைச் சுற்றி ஃபோமால் கரை கட்டியிருப்பார்கள். பஞ்சை வைத்து அழுத்தித் துடைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத மணிகளாகச் சிதறி, பக்கத்திலுள்ள, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் குட்டிக் கெபாசிட்டர்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முனைகளை ஒரு மணி தொட்டாலே ஷார்ட்.

சுத்தம் செய்ய அவசரப்படாதீர்கள். கையில் தங்க மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், கேலியம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும். அலுமினியத் தட்டின் மேல் போர்டை வைத்தும் வேலை செய்யாதீர்கள், கேலியம் பட்ட அலுமினியம் பொடிந்துபோகும். பெரிய துளிகளை ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். மிச்சத்தைக் காய்ந்த பட்ஸால் வெளிப்பக்கமிருந்து சிப்பை நோக்கி உருட்டி உருட்டிச் சேருங்கள். கடைசியாக 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பட்ஸால் துடையுங்கள். ஆல்கஹால் இந்த உலோகத்தைக் கரைக்காது, ஒட்டி எடுக்க உதவும், அவ்வளவுதான். டார்ச்சைச் சாய்த்து அடித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கெபாசிட்டரின் அடியையும் பாருங்கள். ஃபோமின் கீழேயும் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப்புக்குப் போகும் மெயின் லைன் நல்ல போர்டிலும் மிகக் குறைந்த மின்தடைதான் (ஓம்) காட்டும். 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பி ஷார்ட் என்று முடிவுகட்ட வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது திரவ உலோகமே போடுங்கள். சிப்பிலும் ஹீட்சிங்கிலும் மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும், குளம்போல் நிற்கக் கூடாது. பேஸ்ட் போட்டால் ஆன் ஆகலாம், ஆனால் சிப் கூடுதல் சூட்டிலேயே ஓடும். சித்திரை வெயிலில், அதுவும் மூடிய டிவி ஷெல்ஃபுக்குள், அது தாங்காது.

சூட்டுக்கு ஹீட்சிங்கைத் தொட்டிருக்கவே வேண்டாம். பக்கத்து வெள்ளைத் தகடுகளைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு துளைகள் தெரியும். அதில் வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் காட்டுங்கள். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

மேலூர் வாசகர்: தூசி போக டூவீலர் பஞ்சர் கடையில் காற்றடித்தோம். இப்போது ஃபேன் கரகரவென்கிறது.

பதில்: கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தே வரும். அந்த வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் கெட்டிருக்கும், ஃபேனையே மாற்றுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் இரண்டு நாள் காயவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். இனிமேல் கையால் அழுத்தும் ரப்பர் ப்ளோயரும் பெயிண்ட் பிரஷும் போதும். ஊதும்போது இறக்கைகளை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம் வாசகர்: பிஎஸ் 4-ல் டிவியில் படம் வரவில்லை. ஹெச்டிஎம்ஐ போர்ட்தான் காரணம் என்று 25 வாட் சால்டரிங் அயர்னால் கழற்றினேன். போர்ட்டோடு சேர்ந்து போர்டிலிருந்த சில செம்புத் தடங்களும் பிய்ந்துவிட்டன.

பதில்: உங்கள் கைமீது தப்பில்லை, கருவி போதவில்லை. அந்தப் போர்ட்டின் தடித்த நான்கு கால்களும் போர்டின் கிரவுண்ட் தளத்தோடு (மின்சாரம் திரும்பிச் செல்லும் அகலமான செம்புப் பரப்பு) சேர்ந்தவை. நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்தத் தளம் முழுக்க இழுத்துக்கொள்ளும். கால் இளகியதாகத் தோன்றும், உள்ளே ஈயம் உருகியிருக்காது. நெம்பினால் மெல்லிய பின்களின் தடம் பிய்ந்து வரும். பின்கள் 19, ஒன்றுக்கொன்று இடைவெளி அரை மில்லிமீட்டர்.

சரியான முறையில் போர்டை அடியிலிருந்து சூடேற்ற வேண்டும். நான்கு கால்களிலும் குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தைக் கலந்து, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாகப் போட்டு, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை சூடு தாங்கும் காப்டான் டேப்பால் மூடி, மேலிருந்து 380 டிகிரி வாக்கில் ஹாட் ஏர் கொடுப்பார்கள். போர்ட் தானாக அசைந்தால்தான் தூக்குவது. தகரம், பைப் ஒட்டும் ஆசிட் ஃபிளக்ஸை இங்கே கொண்டுவராதீர்கள், செம்பை அரித்துவிடும்.

பிய்ந்த தடங்களை மீட்கலாம். எந்தெந்தப் பின் என்று பாருங்கள். 2, 5, 8, 11, 17 எல்லாம் கிரவுண்ட், பக்கத்தில் எங்கே கிரவுண்ட் இருந்தாலும் இணைக்கலாம். 18 என்பது 5 வோல்ட், 19 டிவி செருகியிருப்பதைச் சொல்லும் லைன். 1 முதல் 12 வரை மிச்சமுள்ளவைதான் படத்தைக் கொண்டுபோகும் ஜோடிகள். இவற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை மிகக் குட்டையாக, ஜோடியின் இரண்டும் ஒரே நீளத்தில் இழுத்து, யுவி ஒளியில் இறுகும் பசையால் உறையவைக்க வேண்டும். புதுப் போர்ட் போட்டதும் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஜோடிகளை ஒப்பிடுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் கோளாறு அங்கேதான். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கடைகளில் விசாரிக்கும்போது "மைக்ரோஸ்கோப் வைத்து ஜம்பர் (பிய்ந்த தடத்துக்குப் பதில் கம்பி) போடுவீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படம் வராத மற்றவர்களுக்கு: பிரிக்கும் முன் வேறு கேபிள், வேறு டிவி பாருங்கள். பிறகு கன்சோல் அணைந்திருக்கும்போது பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, சுமார் 7 நொடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு (கோளாறு பார்க்கும் எளிய மெனு) வரும். ரெசொல்யூஷனை அங்கே மாற்றுங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடலாம்.

சோழவந்தான் வாசகர்: கன்ட்ரோலர் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது.

பதில்: உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. எண்ணெய் ஸ்ப்ரே தூசியைப் பிடித்துவைத்து இன்னும் தேய்க்கும். ஸ்டிக்கைத்தான் மாற்ற வேண்டும். பேட்டரி வயரை முதலில் எடுத்துவிடுங்கள். பிஎஸ் 5-ன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் ஒரு ஸ்டிக்குக்கு 14 கால்கள், அத்தனையும் விடுபடும்வரை இழுக்காதீர்கள். நின்டென்டோ ஸ்விட்ச்சின் கன்ட்ரோலரான ஜாய்-கானில் சால்டரிங் கிடையாது. ஒய் வடிவ ஸ்க்ரூடிரைவரும் சின்ன பிளஸ் ஸ்க்ரூடிரைவரும் போதும், ஆனால் ரிப்பனைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிவிட்டுத்தான் ரிப்பனை உருவ வேண்டும்.

உசிலம்பட்டி வாசகர்: மாமா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பழைய பிஎஸ் 2. பின் அடாப்டர் போட்டுச் செருகினோம், ஃபியூஸ் போனது. செம்புக் கம்பி கட்டினோம், வெடித்துப் புகை வந்தது.

பதில்: பின் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. உங்களுடையது 120 வோல்ட் கன்சோல். நம் வீட்டு 230 வோல்ட் டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும். 120-க்கென்று செய்த பவர் சப்ளையில் பெரும்பாலும் 200 வோல்ட் கெபாசிட்டர்தான் இருக்கும். ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகவே செய்தது. கம்பி கட்டியதால்தான் மற்றவை போயின. வீட்டு ஃபியூஸ் கட்டையில் கம்பி கட்டும் பழக்கத்தை எந்தப் போர்டிலும் காட்டாதீர்கள், வீடே பற்றிக்கொள்ளும்.

மெயின் போர்டு தப்பியிருக்க நல்ல வாய்ப்புண்டு. சப்ளை போர்டை மட்டும் மாற்றுங்கள். அடியில் எஸ்சிபிஹெச் 39001 என்றிருந்தால் அதே வரிசையின் ஐரோப்பிய மாடல் 39004-ன் சப்ளையைத் தேடி, கனெக்டரை ஒப்பிட்டு வாங்குங்கள். அதன்பின் நேராக 230-ல் ஓடும். பழைய சப்ளையைத் தொடும் முன் பெரிய கெபாசிட்டரில் மீதி மின்சாரம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டிஸ்க் வாங்கும்போதும் கவனம்: சப்ளையை மாற்றினாலும் அது அமெரிக்க கன்சோல்தான், அமெரிக்க டிஸ்க்கைத்தான் படிக்கும்.