சொந்த நாடக வேலையிலிருந்தே ஆய்வுக் கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் நாடகமும் அரங்கியலும் படிக்கிறீர்கள், இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டுவிட்டார்கள், கையில் இருப்பதோ நீங்கள் நடித்ததும் நெறியாள்கை செய்ததும் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நூலகத்துக்குப் போகுமுன் உங்கள் ஒத்திகைகளை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் திரும்பத் திரும்ப இழுபறிப்பட்டீர்கள்? கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

எனக்கு அது காத்தவராயன் கூத்தில் கிடைத்தது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் நேர்த்திக்காக விடிய விடிய ஆடுகிற கூத்து. பாடசாலைப் போட்டி ஒன்றுக்காக அதைச் சுருக்கும் வேலை என்னிடம் வந்தது. கோயிலில் ஆடும்போது கதைநாயகன் காத்தானின் (காத்தவராயனின்) பருவத்துக்கு ஏற்றபடி பல பேர் மாறி மாறி வருவார்கள். போட்டியில் அதற்கு நேரம் ஏது? ஒரே பெடியன்தான் தொடக்கத்திலிருந்து கழுமரம் ஏறும்வரை காத்தான். பிற்பாட்டையும் எடுத்துவிட்டோம். நடிகர் பாடிய அடியைத்தானே பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிறார்கள், அதில் கதை நகர்வதில்லை; சுருக்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கை வைக்கிற இடம் அது.

பெடியன் நல்ல குரல்காரன். ஆனால் பாதி தாண்டியதும் குரல் இறங்கிவிடும், பாட்டின் தாளத்துக்கு அடிவைத்து ஆடுகிற சிந்துநடை வெறும் நடையாகிவிடும். பயிற்சி போதாது என்று சிலர் சொன்னார்கள். ஊரில் நெடுங்காலம் பிற்பாட்டுப் பாடிய ஐயா ஒருவர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு வேறு ஒன்று சொன்னார்: "தம்பி, பிற்பாட்டு சனத்துக்கு மட்டுமில்லை. அவன் மூச்செடுக்கிறதும் அடுத்த அடியை நினைக்கிறதும் அந்த நேரத்திலதான்."

கூத்தைச் சுருக்கும்போது பிற்பாட்டை எடுத்தால் ஆடுபவரின் மூச்சும் ஆட்டமும் எப்படி மாறுகின்றன? ஐயா சொன்னதை இப்படிக் கேள்வியாக்கிக் கொப்பியில் எழுதினேன். பிறகு என் முதுதத்துவமாணி ஆய்வே அதுதான். அதே பெடியனைப் பிற்பாட்டோடும் இல்லாமலும் ஆடவைத்து, எந்த அடியில் மூச்சு முறிகிறது என்று பிரதியிலேயே குறித்தேன். பிற்பாட்டு இருந்தபோது அவன் பாட்டை அவர்களிடம் விட்டுவிட்டுக் காலை முழுதாக வைத்து ஆடினான். இல்லாதபோது பாட்டைக் காப்பாற்றுவதற்காகக் காலைச் சுருக்கிக்கொண்டான். அதை நான் சொல்லும்வரை அவனுக்கே தெரியாது.

ஊர்களில் இரவிரவாக ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சுருக்கி, பார்வையாளர் முன்பக்கமிருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. அந்தச் சுருக்கத்தால் கூத்துக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று கனபேர் கதைத்திருக்கிறார்கள். நான் போய் நின்றதும் அந்தப் பழைய விவாதத்தில்தான், ஆனால் ஆடுகிறவனின் நெஞ்சு வழியாகப் போனேன்.

"இது உன் சொந்தக் கதை, ஆய்வல்ல" என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். 'இராவணேசனில்' இராவணனாக ஆடிய மௌனகுருதான் பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. ஆடினவன் ஆராயக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் அனுபவம் மட்டும் சாட்சியாக நின்றால் போதாது. வேறு ஊர்க் கூத்துக்காரரிடமும் கேளுங்கள், உங்கள் எண்ணம் பிழை என்று காட்டக்கூடிய ஒரு வழியையும் திறந்து வையுங்கள். "தோற்றமும் வளர்ச்சியும்" என்று முடிகிற தலைப்புப் பக்கம் போகவே வேண்டாம். அதில் நீங்கள் எங்கேயும் இருக்க மாட்டீர்கள்.

இதையும் சொல்லாமல் விட மனமில்லை. நாடக ஆசிரியர் என்றால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்கவும் பரிசளிப்பு விழாவுக்குத் திரைச்சீலை கட்டவும்தான் என்று நினைக்கிற பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. நான் படிப்பித்த ஓரிடத்தில் ஒத்திகைக்கு மண்டபத் திறப்புத் தரமாட்டார்கள், அதே மண்டபத்தைச் சோடிக்க மட்டும் கூப்பிடுவார்கள். கணித ஆசிரியரிடம் இப்படிக் கேட்பார்களா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்ன நாடகம் செய்கிறீர்கள், ஒத்திகையில் எங்கே இழுபறிப்பட்டது என்று கீழே எழுதுங்கள். அதைக் கேள்வியாக்க என்னால் ஆனதைச் சொல்கிறேன்.